ஊறப் போடவா, பொரிக்கவா?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் மதுரையில் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்கிற சரக்கே மாறிவிடும். சுக்கு, திப்பிலி, கஷாயப் பொடியெல்லாம் பின்னால் போய்விட்டு, சப்ஜா, பாதாம் பிசின், நன்னாரி வேர், கடல்பாசி என்று முன்வரிசை நிரம்பும். எல்லாவற்றையும் ஜனங்கள் வாங்குவது குளிர்ச்சி என்ற ஒரே காரணத்துக்காக. எல்லாமே தண்ணீரில் போட்டால் உப்பும், இல்லையென்றால் கரையும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கைமாறிப் போவதும் இவற்றில்தான் அதிகம்.

மாறிப்போவதில் பாதி, குடிமுழுகிப் போகிற விஷயமில்லை. சப்ஜாவுக்குப் பதில் சியா போட்டாலும் சர்பத் சர்பத்தாகத்தான் இருக்கும். மீதியில் பதார்த்தம் கெடும், காசு போகும். ஒன்றிரண்டில் மட்டும் உடம்புக்கே ஆபத்து. எது எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் போதும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக்குப் பதற வேண்டியதில்லை.

முதலில் சப்ஜா. இது திருநீற்றுப்பச்சிலைச் செடியின் விதை. சில கடைகளில் டப்பாவின் மேல் 'துளசி விதை' என்றே எழுதி ஒட்டியிருப்பார்கள். மாடத்தில் வைத்துக் கும்பிடுகிற துளசிக்கு இது சொந்தக்காரச் செடி, அவ்வளவுதான். சியா, மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பயிர். அதுவும் தூரத்துச் சொந்தம், துளசிக் குடும்பத்திலேயே வருகிறது. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சப்ஜா முழுக்க ஒரே கருப்பு, பளபளப்பில்லாத கருப்பு. சியாவில் சாம்பல், பழுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு விதையை மட்டும் எடுத்து உற்றுப் பார்த்தால் காடை முட்டை ஓடு மாதிரி மேலே திட்டுத்திட்டாகக் கோலம் போட்டிருக்கும்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். சப்ஜா அவசரக்காரன். நீங்கள் டம்ளரை வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் நறுக்கி முடிப்பதற்குள் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் நீலம் பாய்ந்த வெள்ளை உறை வந்துவிடும். நடுவில் கரும்புள்ளி, சுற்றிலும் கூழ். ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதக்கும், கடித்தால் உள்ளே நறுக்கென்று இருக்கும். சியாவுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். கலக்காமல் விட்டால் அடியில் கட்டி சேர்ந்துவிடும். நன்றாக ஊறிய பிறகு விதைகளோடு தண்ணீரும் சேர்ந்து கெட்டிப்படும். அதனால்தான் ரோஸ் மில்க்குக்கும் ஃபலூடாவுக்கும் சப்ஜா, ராத்திரி பாலில் ஊறப்போட்டு காலையில் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற புட்டிங்குக்கு சியா. மாற்றிப் போட்டால் ருசியில் பெரிய பழுதில்லை, பதம்தான் வேறாக வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இரண்டுக்குமே பொருந்தும். உலர்ந்த விதையை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு மேலே தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவை அப்படி விழுங்கிய ஒருவருக்கு உணவுக்குழாயிலேயே அது உப்பி அடைத்துக்கொண்ட கதையை அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். டம்ளரில் உப்ப வேண்டியது தொண்டைக்குக் கீழே போய் உப்பியிருக்கிறது.

பிசின் சங்கதி கொஞ்சம் சிக்கல். நான் வாடிக்கையாகப் போகும் கடைக்காரரிடம் பிசின் கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டார். "ஊறப் போடவா, பொரிக்கவாம்மா?" என்பார். அந்த ஒரு கேள்வியில் விஷயமெல்லாம் அடங்கிவிட்டது. ஏனென்றால் பிசினில் இரண்டு சாதி. ஒன்று தண்ணீரில் உப்பும், கரையாது. இன்னொன்று தண்ணீரில் கரையும், உப்பாது.

உப்புகிற சாதி பாதாம் பிசின். தேன் நிறத்தில், ஒழுங்கில்லாத கட்டிகளாக, ஒன்றிரண்டில் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு ராத்திரி ஊறப் போட வேண்டும். ஒரு தேக்கரண்டி பிசின் காலையில் ஒரு கிண்ணம் நிறைய நிற்கும். சின்னக் கிண்ணத்தில் போட்டவர்கள் காலையில் மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஊறியதும் விரலால் பிதுக்கிப் பார்த்து, பட்டைத் துணுக்கு, கல் இருந்தால் எடுத்துவிட்டு அலசினால் தயார். அதற்கென்று ருசியோ வாசனையோ கிடையாது. வாயில் வழுக்கிக்கொண்டு போகிற சுகம் மட்டும்தான், ஜிகர்தண்டாவுக்கு அது போதும். 'உடல் சூட்டை அடியோடு இறக்கும்' என்று பொட்டலத்தின் மேல் போட்டிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஊறிய பிசினில் பெரும்பங்கு தண்ணீர்தான். வெயில் காலத்தில் தண்ணீர் உள்ளே போனால் நல்லதுதானே.

கரைகிற சாதி வேலம்பிசின். வடக்கே கோந்து என்பார்கள். வெளிர் மஞ்சளில், கொஞ்சம் உருண்டையாக, தட்டினால் நொறுங்குகிற கட்டிகள். இதைப் பாதாம் பிசின் என்று நினைத்து ஊறப் போட்டால் காலையில் கிண்ணத்தில் கூழ் இருக்காது, பசை இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் காகிதம் ஒட்டிய அதே பசை. ஆனால் இதையே சூடான நெய்யில் இரண்டு மூன்று கட்டிகளாகப் போட்டுப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் சடசடவென்று சத்தம் கேட்கும். கண்ணெதிரே கட்டி வெளுத்து, உப்பி, பொரியாகிவிடும். எடுத்து நசுக்கினால் உள்ளேயும் கடைசி வரை மொறுமொறுவென்று இருக்க வேண்டும். நடுவில் கண்ணாடித் துண்டு போலக் கடினமாகத் தட்டுப்பட்டால் நெய் அதிகமாகக் காய்ந்து மேலே மட்டும் பொரிந்திருக்கிறது, தீயைக் குறைக்க வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்கு வடநாட்டில் கொடுக்கும் கோந்து லட்டு இந்தப் பொரியில்தான் செய்கிறார்கள். பாதாம் பிசினை நெய்யில் போட்டு எத்தனை நேரம் காத்திருந்தாலும் இந்த வித்தை நடக்காது.

இந்த வேலமரப் பிசினுக்குப் பெரிய உலகச் சந்தையே இருக்கிறது. சூடான் நாட்டில்தான் அதிகம் எடுக்கிறார்கள். குளிர்பானங்களில் வாசனை எண்ணெய் மேலே பிரிந்து மிதக்காமல் பிடித்து வைப்பது இதுதான். 1997இல் அமெரிக்கா சூடான் மீது வர்த்தகத் தடை போட்டபோது இந்தப் பிசினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. சோடா கம்பெனிகளின் செல்வாக்கு அப்படி.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று வந்து சேரும், கோந்து கதிரா. பெயரில் கோந்து இருந்தாலும் இது பொரிக்கிற சாதியில்லை, ஊறுகிற சாதி. வெளுத்த கட்டி, ஊறினால் பஞ்சுபோல மிருதுவாகிவிடும். பாதாம் பிசினுக்குப் பதில் இது வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, சர்பத்தில் தாராளமாகப் போடலாம். லட்டு பிடிக்க வாங்கியவர்கள்தான் ஏமாறுவார்கள்.

ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் போடுகிறவர்களும் உண்டு, கடல்பாசி போடுகிறவர்களும் உண்டு. இந்தக் கடல்பாசிக்கும் ஜெலட்டினுக்கும் நடக்கிற குழப்பம்தான் எனக்குத் தெரிந்து சமையலறையில் அதிகமாகச் சண்டை மூட்டுவது. ஒன்று கடலில் வளர்கிற சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது, இன்னொன்று மாடு, பன்றி, மீன் இவற்றின் தோல், எலும்பிலிருந்து. சைவம் பார்க்கிற வீட்டிலும் ஹலால் பார்க்கிற வீட்டிலும் இது சின்ன விஷயமில்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டில் வருகிற பால் கடல்பாசியும் ரோஸ் கடல்பாசியும் பாசியில் செய்வதுதான்.

நம்மூர்ப் பாசிக்கு ராமநாதபுரம் மாவட்டம் பெயர் போனது. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மீனவப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூழ்கி மூழ்கி எடுக்கிறார்கள். அவர்கள் மரிக்கொழுந்துப் பாசி என்று சொல்வதில்தான் நல்ல தரமான அகர், அதாவது பாசியைக் கொதிக்கவிட்டு எடுக்கிற உறைபொருள், கிடைக்கும். கஞ்சிப்பாசி என்று வேறொன்றும் உண்டு. கடையில் 'கடல்பாசி' என்று கேட்டால், காய்ந்து சுருண்ட பச்சைச் சரக்கையும் தருவார்கள், ஆலையில் சுத்தம் செய்து வந்த வெள்ளை இழையையும் தருவார்கள். காய்ந்த பாசியை முகர்ந்தால் கடல் வாடை அடிக்கும். அதை ஊறவைத்து, பலமுறை அலசி, நெடுநேரம் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். அவசரத்துக்கு ஆகாது. விருந்தாளி வாசலில் நிற்கும்போது வெள்ளை இழையோ தூளோதான் கைகொடுக்கும்.

அகரும் ஜெலட்டினும் பக்குவத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். அகர் கொதித்தால்தான் கரையும், வெந்நீரில் கலக்கினால் நூல் நூலாக நின்றுவிடும். ஜெலட்டினைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மிதமான சூட்டில் கரைக்க வேண்டும், கொதிக்கவிட்டால் உறையும் வலு குறையும். அகர் 35, 40 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். அதாவது சித்திரை மாத மதுரை அடுப்படியில் மேடை மேலேயே உறையும், ஃபிரிட்ஜ் வேண்டாம். உறைந்த பிறகு 85 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் மறுபடி உருகும். ஜெலட்டின் ஃபிரிட்ஜில்தான் உறையும், உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும். அதனால் வாயில் வைத்ததும் கரைகிறது. கல்யாண மண்டபத்தில் அரை மணி நேரம் வெளியே வைத்தாலும் அதே கதிதான். அகர் வாயில் கரையாது, கடித்துச் சாப்பிட வேண்டும். சுமாராக ஒரு லிட்டருக்கு 10 கிராம் அகர் தூள் போதும், ஜெலட்டின் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். செய்முறையில் ஒன்று எழுதியிருக்க இன்னொன்றை அதே அளவுக்குப் போட்டால் ஒன்று கட்டையாக வரும், இல்லை தண்ணியாக நிற்கும்.

வேகவைக்காத அன்னாசிப் பழத்தைப் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. பப்பாளியும் அப்படித்தான். அந்தப் பழங்களில் புரதத்தை வெட்டுகிற நொதி இருக்கிறது, ஜெலட்டின் சுத்தப் புரதம். அகர் புரதமில்லை என்பதால் அந்த நொதி அதை ஒன்றும் செய்வதில்லை. அன்னாசி போட்டு ஜெல்லி செய்ய வேண்டுமா, கடல்பாசியை எடுங்கள். ஜெலட்டின்தான் இருக்கிறதென்றால் பழத்தை வேகவைத்துப் போடுங்கள்.

இந்த ஜெலட்டின், அகர் தகராறு ஒரு காலத்தில் மருத்துவ ஆய்வுக்கூடத்திலும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோஹின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் தட்டுகளைத்தான் பயன்படுத்தினார்கள். கோடையில் அது உருகி வழிந்தது, சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிட்டன. அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் ஜெல்லிக்குத் தான் போடுகிற அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்ட பக்குவம் அது. இது 1881இல். இன்றைக்கும் உலகம் பூராவும் கிருமி வளர்ப்பது அகர் தட்டில்தான்.

கடையில் 'ஜெல்லி' என்று விற்கிற பொட்டலத்தில் எது இருக்கிறது என்பதை முன்பக்கத்துப் படம் சொல்லாது. திருப்பிப் பார்த்தால் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியோ அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமோ இருக்கும். பச்சைப் புள்ளியென்றால் உள்ளே பெரும்பாலும் கராஜீனன் அல்லது அகர். கராஜீனனும் கடலில் வளர்கிற பாசியிலிருந்து வருவதுதான்.

ஜவ்வரிசிக்கு வருவோம். கிழக்கிந்தியத் தீவுகளில் சேகோ என்கிற பனை வகை மரத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் மாவை எடுத்து உருட்டியதுதான் ஆதி ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றது. சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கு மாவில் அதே மாதிரி உருட்டிப் பார்த்து, ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டார்கள். 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்திலிருந்தா கிழங்கிலிருந்தா என்ற கேள்வி பாயசத்துக்கு முக்கியமில்லை. மாவு ஜவ்வரிசியா நைலான் ஜவ்வரிசியா என்பதுதான் முக்கியம். சுண்ணாம்பு வெள்ளையில் இருப்பது மாவு ஜவ்வரிசி. உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி மின்னுவது நைலான். பாயசத்துக்கு நைலான் எடுத்தால் மணி மணியாக நிற்கும். மாவு ஜவ்வரிசியைப் போட்டுக் கொஞ்சம் அசந்தால் கஞ்சியாகிவிடும். வடாமுக்கு அந்தக் கஞ்சிதான் வேண்டும், அங்கே மாவு ஜவ்வரிசிதான் ராஜா. கண்ணைப் பறிக்கிற வெள்ளையில் இருக்கிற ஜவ்வரிசியை நான் வாங்குவதில்லை. கிழங்கு மாவுக்கு இயல்பாக அவ்வளவு வெளுப்பு வராது.

ஃபலூடாவில் நூலாகக் கிடப்பது உப்புமா சேமியா என்று நினைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அது கோதுமை, குளிர்ந்த பாலில் மாவு வாடை அடித்துக் கொழகொழக்கும். ஃபலூடா சேவ் சோளமாவில் பிழிந்தது, பனிக்கட்டியோடு சேர்ந்தாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

நன்னாரி விஷயத்தில் மூக்கை நம்பினால் ஏமாற்றம்தான். நன்னாரி வேரும் மாகாளிக் கிழங்கும் கிட்டத்தட்ட ஒரே வாசனை. வெனிலாவுக்கு மணம் தருகிற சேர்மத்தில் இருக்கிற அதே அணுக்கள் வேறு வரிசையில் அடுக்கியிருக்கிற ஒரு பொருள் இரண்டிலும் இருக்கிறது. ஆகவே கண்ணால் பாருங்கள். நன்னாரி ஒல்லி வேர், கரும்பழுப்புத் தோல், நடுவில் கட்டை நரம்பு. தட்டி நரம்பை எடுத்துப் போட்டுவிட்டுத் தோலைத்தான் சர்பத்துக்கு ஊறப்போட வேண்டும், மணம் தோலில்தான் இருக்கிறது. மாகாளி விரல் தடிமனுக்கு மேலே, சதைப்பற்றோடு, உள்ளே வெளேரென்று இருக்கும். மோரில் ஊறிய மாகாளி ஊறுகாய் சில வீடுகளில் அமிர்தம். சில வீடுகளில் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று ஜாடியையே வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். மாகாளியில் சர்பத் போட்டாலும் குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் காட்டிலிருந்து தோண்டித் தோண்டி மாகாளி அருகிவிட்டது. நன்னாரி விலை கொடுத்து மாகாளி வாங்கவும் வேண்டாம், ஊறுகாய்க்குக் கிடைப்பதைச் சர்பத்தில் கரைக்கவும் வேண்டாம்.

பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் சுண்ணாம்பு, அவ்வளவுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காமல் பதநீராக இறங்கும். தடவாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால் பாளை சீவுகிறவருக்கு இந்தச் சுண்ணாம்பு சட்டப் பிரச்சினையும்கூட. வாங்கியதும் சற்று நேரம் அசையாமல் வைத்துத் தெளிந்ததை மேலாகக் குடியுங்கள்.

ஆபத்து என்று ஆரம்பத்தில் சொன்னது ஓஆர்எஸ் பற்றி, அதாவது வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றாமலிருக்கக் கொடுக்கிற உப்பு, சர்க்கரைக் கரைசல். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு மருந்துக்கடையில் ஓஆர்எஸ் கேட்டால், பழப்படம் போட்ட காகித டப்பாவை எடுத்து நீட்டுவது பல வருஷமாக நடந்தது. பெயரில் அந்த மூன்றெழுத்து இருக்கும், உள்ளே இருப்பது இனிப்புப் பானம். உலக சுகாதார நிறுவனம் 2002இலிருந்து சொல்லும் அளவு ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். டப்பா பழபானங்களில் சர்க்கரை மட்டுமே லிட்டருக்கு 100 கிராம் தாண்டுவது சர்வசாதாரணம். குடலில் சோடியத்தையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துப் போகத்தான் குளுக்கோஸ், அதற்கு இந்தச் சின்ன அளவு போதும். சர்க்கரை ஏறினால் வேலை தலைகீழாகும். உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், போக்கு கூடும். குழந்தை மேலும் வற்றும்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு வருஷம் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில், அந்தச் சூத்திரப்படி இல்லாத எந்தப் பானமும் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. பெயர் போனாலும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்குவார்கள். அதனால் கேட்கும்போதே "தூள் பொட்டலம், கலக்கிக் கொடுக்கிறது" என்று கேளுங்கள். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று இருக்கிறதா பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள்.

ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஒரேயடியாகக் கலக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் இருக்கிறது, அதை லிட்டர் கணக்கில் கலந்துவிடாதீர்கள். பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது, மேலே சர்க்கரை சேர்க்கவும் கூடாது. ராத்திரி நேரத்தில் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கூடிவிடக் கூடாது என்பதில் கவனம் தேவை. கலக்கியதை ஒரு நாளைக்குள் முடித்துவிடுங்கள், மீந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.